கல்லோடு கதையும் வேண்டுமாம்

ரொறன்ரோவில் இனுவிட் கற்சிற்பம் ஒன்றை வாங்கிக்கொண்டு கலைக்கூடத்தை விட்டு வெளியே வருகிறவரின் பையில் கல்லைத் தவிர இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று பற்றுச்சீட்டு. மற்றது செதுக்கியவரைப் பற்றிய குறிப்பு: எந்த ஊர், எப்போது பிறந்தார், யாருடைய பிள்ளை, எங்கெங்கே அவருடைய வேலைகள் காட்சிக்குப் போயின. அநேகமாக ஒரு படமும் இருக்கும். முகத்தைச் சுற்றி விலங்குமயிர் வைத்துத் தைத்த குளிரங்கி, பின்னால் பனி. இந்தக் காகிதத்துக்குத் தனி விலை கிடையாது. ஆனால் அது இல்லாவிட்டால் கல் அசையாது என்று, அப்படியொரு கடையில் நெடுங்காலம் விற்பனையில் இருந்த ஒரு பெண் எனக்குச் சொன்னார். கல்லின் பாரத்தை நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் காகிதமும் போதாது. செதுக்கியவரே வந்தால் நல்லது. கண்காட்சி தொடங்கும் மாலையில் தன் வேலைக்குப் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். வருகிறவர்கள் கேட்பார்கள், அவர் சொல்ல வேண்டும்.

செய்ததை விற்று வாழ்வதில் குறை ஒன்றும் இல்லை. உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனால் வாங்குகிறவருக்கு நாம் எதுவரை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்? பொருளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? அல்லது பிறந்த வீடு, பட்ட பாடு, பறிகொடுத்த ஆள்கள் எல்லாவற்றையும் அந்தப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்ட வேண்டுமா? இந்தக் கேள்வி எனக்குப் பல காலமாக உண்டு. இனுவிட் சிற்பிகளை முன்னிட்டுத்தான் அது கூர்மையானது.

இதைப் பேசத் தொடங்கியதும் சிலர் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள். விற்பதற்கென்று செதுக்கத் தொடங்கிய அன்றே அந்தக் கலை கெட்டுப்போயிற்று என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் பொறுமை இல்லை. முற்காலத்தில் அந்த மக்கள் கல்லைக் குடைந்து சீல் கொழுப்பு எரிக்கும் விளக்குச் செய்தார்கள், வால்ரஸின் தந்தத்தில் விரலளவு உருவங்கள் செதுக்கினார்கள். உண்மைதான். ஆனால் இன்று இனுவிட் சிற்பம் என்று உலகம் அறிந்திருப்பது பிறந்ததே விற்பனைக்காக. 1940-களின் கடைசியில் வெள்ளை நரித்தோலின் விலை விழுந்தது. தோலை நம்பித் துப்பாக்கி ரவையும் மாவும் தேயிலையும் வாங்கிய குடும்பங்கள் தடுமாறின. 1948-இல் ஜேம்ஸ் ஹியூஸ்டன் என்ற இளம் ஓவியர் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்குக்குப் போனார். அங்கே அவர் கையில் ஒருவர் வைத்த சின்னஞ்சிறு கல் மான் அவரை உலுக்கிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், அவர் வாங்கி வந்தவற்றை மொன்றியாலில் கனேடியக் கைவினைச் சங்கம் விற்பனைக்கு வைத்தது. மூன்று நாள்களில் எல்லாம் போய்விட்டன. 1951-இல் எதைச் செய்தால் விற்கும் என்று படம் போட்டுக் காட்டும் கையேடே வந்தது. அந்தக் கையேட்டை நினைத்து இப்போது பலருக்கும் சங்கடம். எனக்கு அவ்வளவாக இல்லை. வயிற்றுக்காகக் கல்லைத் தொட்டவர்கள், சில ஆண்டுகளிலேயே கையேட்டை எங்கோ விட்டுவிட்டுத் தம் போக்கில் போய்விட்டார்கள்.

பௌட்டா சைலா என்ற சிற்பி ஒற்றைக் காலில் எழுந்து நிற்கும் வெண்கரடியைச் செதுக்கினார். அத்தனை பாரத்தையும் ஒரு பாதத்தில் நிறுத்துவது விளையாட்டல்ல. ‘ஆடும் கரடி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. பின்னால் வந்த எத்தனையோ பேர் அதையே செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். சுற்றுலாச் சாமான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்தில் பிள்ளையார் செதுக்குகிறவரைப் பார்த்து, இதையே எத்தனை தரம் செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை. நேரில் பார்த்திருக்கிறாயா என்றும் கேட்பதில்லை.

தொடக்கத்தில் நகரத்துக்கு வந்தது கல் மட்டும்தான். ஆள் வரவில்லை, பெயர்கூடச் சரியாக வரவில்லை. 1940-களில் கனேடிய அரசு ஒவ்வொரு இனுவிட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதை ஒரு சிறு வட்டத்தில் பொறித்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னது. கிழக்கே இருந்தவர்களுக்கு இலக்கத்தின் முன்னால் ஈ என்ற எழுத்து, மேற்கே இருந்தவர்களுக்கு டபிள்யூ. சிற்பத்தின் அடிப்பாகத்தில் பலர் அந்த இலக்கத்தையே வெட்டினார்கள். கரடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் பாதத்துக்கு நடுவே நாலைந்து எண்கள். குடும்பப் பெயர் வைக்கும் இயக்கம் ஒன்று 1960-களின் கடைசியில் தொடங்கிய பிறகுதான் இலக்கம் மெல்லப் பின்வாங்கியது. இதற்கிடையில் போலிகள் பெருகியதால் 1958-இல் பனிவீட்டுப் படம் போட்ட அடையாள அட்டை வந்தது. இது உண்மையாகவே இனுவிட் கையால் ஆனது என்று அரசு சொல்லும் சாட்சி. யாருடைய கை என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை.

ஆள் யார் என்றே கேட்காமல் நகரம் கல்லை வாங்கிய காலம் அது. இன்று ஆளின் படம் இல்லாமல் கல்லை வாங்க மறுக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன். சந்தேகமே இல்லை. இலக்கமாக இருப்பதைவிடப் பெயராக இருப்பது மேல். ஆனாலும் பெயர் வந்த கையோடு இன்னொரு கூலியில்லாத வேலையும் வந்து சேர்ந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

இனுவிட் மக்கள் தெற்கே வந்ததற்கு இன்னொரு வரலாறும் உண்டு. அழைப்பிதழ் இல்லாமல் வந்த வரலாறு. 1950 முதல் சி.டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் கோடைதோறும் ஆர்க்டிக் கரையோரமாகப் போய், ஆள்களைக் கப்பலில் ஏற்றி நெஞ்சை ஊடுகதிர்ப் படம் எடுத்தது. காசநோய் தெரிந்தால் பெரும்பாலும் திரும்ப இறங்க விடுவதில்லை. அப்படியே தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். 1956-இல் இனுவிட்டில் ஏழு பேரில் ஒருவர் தெற்கத்தி மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார் என்று கணக்குச் சொல்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள ஹமில்டனில், குன்றின் மேல் இருந்த காசநோய் மருத்துவமனைக்கு மட்டும் 1,200-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் படுக்கை. பேசுவதற்கு ஆளில்லாத மொழி. அவர்களுக்குக் கல்லும் அரமும் கொடுத்தார்கள். கட்டிலில் இருந்தபடியே செதுக்கினார்கள், அவற்றை மருத்துவமனை விற்றது. அங்கே செதுக்கியவற்றில் சில இன்று ஹமில்டன் கலைக்கூடத்தில் இருக்கின்றன. கருப்பாக, கையடக்கமாக, நாயும் வேடனும் பனிவண்டியும். அவற்றைப் பார்க்கிறவருக்கு மருத்துவமனை கண்ணில் படாது. அவர்கள் கல்லில் மருத்துவமனையைச் செதுக்கவில்லை.

கொஞ்சக் காலத்துக்கு முன் ரொறன்ரோ நகர நடுவில் ஒரு சிறிய கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். பாஃபின் தீவின் தெற்கு முனைக்கு அருகே கிங்கைட் என்று ஓர் ஊர். 2020 வரை வரைபடத்தில் அதற்குக் கேப் டோர்செட் என்று பெயர். ஆயிரத்து நானூறு பேர் அளவில் வாழும் ஊரில் செதுக்குகிறவரும் வரைகிறவரும் அத்தனை பேர். அங்கிருந்து எந்த ஊருக்கும் தெரு இல்லை. அந்த மாலைக்கு வந்திருந்த சிற்பி, சின்ன விமானத்தில் இக்காலுவிட், அங்கிருந்து ஒட்டாவா, பிறகு ரொறன்ரோ என்று வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். புதுச் சட்டை, மடிப்பு இன்னும் போகவில்லை. கற்கள் அவருக்கு முன்பே சரக்கு விமானத்தில் வந்து விளக்கு வெளிச்சத்தில் நின்றன.

என்னோடு ஸ்கார்பரோ நண்பர் ஒருவரும் வந்திருந்தார். சமையலறைக்குக் கருங்கல் மேடை வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். எனக்கு வாகனம் இல்லை என்பதற்காக அழைத்து வந்தவர், வாசலில் நிற்பதாகச் சொன்னார். குளிருக்குப் பயந்து உள்ளே வந்தார்.

சிற்பியைச் சுற்றி ஆறேழு பேர். இந்தக் கரடியை நேரில் கண்டீர்களா என்று ஒருவர் கேட்டார். கரடி கண்டிருக்கிறேன் என்றார். இது உங்கள் குலச்சின்னமா என்று இன்னொருவர். அது பசிபிக் கரையில் வாழும் வேறு மக்களின் வழக்கம். நடுவில் ஒரு கண்டத்தின் அகலம் கிடக்கிறது. சிற்பி இல்லை என்று மட்டும் சொன்னார். இந்த முகத்தில் தெரியும் துயரம் உங்கள் மக்களுடைய துயரமா என்று ஒரு பெண்மணி மிக மெதுவாக, மிக அன்பாகக் கேட்டார். அவர் திரும்பிக் கல்லைப் பார்த்தார். கல்லில் ஒரு வெள்ளை வரி ஓடியது, வாயை அதற்குக் கீழே வைக்க வேண்டியதாயிற்று என்றார். பெண்மணி அதற்குள் ஏதோ பெரிய பொருள் இருப்பதாகத் தலையாட்டினார்.

கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்போடுதான் கேட்டார்கள், சிலர் நாட்டின் பழைய பாவங்களை எண்ணிக் குறுகிப் போயும் கேட்டார்கள். ஆனால் அந்த அன்புக்கும் ஒரு பசி உண்டு. எனக்கு அது பழக்கமான பசி. இந்த ஊரில் தமிழில் எழுதுகிறேன் என்று வேற்று மொழிக்காரரிடம் சொன்னால், அடுத்த கேள்வி போரைப் பற்றித்தான். நான் எழுதியது எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி என்றால், கிணற்றுக்குள் குண்டு விழுந்ததா என்று பார்ப்பார்கள். விழுந்த கிணறும் உண்டு. அதை எப்போது எழுதுவது என்பது என் விருப்பம்.

நண்பர் இதற்குள் ஒரு சிற்பத்தைச் சுற்றி வந்து, குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு ஆள்களை விலக்கிக்கொண்டு நேரே சிற்பியிடம் போனார்.

“என்ன பிளேட்?”

சிற்பி அவரைப் பார்த்தார். முதலில் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. பெரிய வெட்டுக்கு வைரத்தூள் பதித்த சில்லு, உள்ளே குடைய விரலளவு முனை, கடைசியில் எல்லாரையும்போலக் கையால் நீர்க்காகிதம் தேய்ப்பது. கோடையில் பனிக்கட்டி விலகியதும் படகில் கரையோரமாகப் போய்க் கல்லெடுப்பது. கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். மணிபோலக் கேட்டால் நல்ல கல், அடைத்த குரலில் கேட்டால் உள்ளே வெடிப்பு. நண்பர், நாங்களும் அப்படித்தான் என்றார். எல்லாரும் சோப்புக்கல் என்கிறார்கள், எங்கள் பக்கத்துக் கல் அதைவிடக் கடினம், பச்சைப் பாம்புக்கல் என்றார் சிற்பி. நண்பர் அனுமதி கேட்டுவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

பிறகு தூசு. சிலவகைக் கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும். ஆகவே வீட்டுக்குள் செதுக்குவதில்லை. வெளியே, ஒட்டுப்பலகைத் தட்டியின் மறைவில், காற்று முதுகுப் பக்கம் வரும்படி நின்று, பனிக்காலத்திலும் அப்படித்தான். நண்பருக்கு இது புரியவில்லை. தண்ணீர் விட்டு வெட்டலாமே, தூசே எழும்பாதே? தன் தொழிலில் ஆள்கள் நுரையீரல் கல்லாகிச் சாகிறார்கள், செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 யூலையில் தடையே செய்துவிட்டது, நான் தண்ணீர் இல்லாமல் சில்லைத் தொடமாட்டேன் என்றார். சிற்பி சிரித்தார். பனிக்காலத்தில் எங்கள் ஊரில் குழாயிலிருந்து கல்லுக்கு வருவதற்குள் தண்ணீரே கல்லாகிவிடும் என்றார். நண்பரும் சிரித்தார். பிறகு இருவரும் முகமூடி வகைகளைப் பற்றிப் பேசினார்கள். ஆறேழு பேரும் வேறு பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

கலைக்கூடத்து ஆள் எனக்குப் பக்கத்தில் வந்து, அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை என்றார். அதில் கொஞ்சம் குறையும் தொனித்தது. இந்தப் பேச்சால் ஒரு கல்லும் விற்காது.

கல்லைப் பற்றிக் கேட்டால் ஆள் வருவார், ஆளைப் பற்றிக் கேட்டால் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார் என்று இதைச் சுருக்கிவிடலாம்தான். அப்படிச் சுருக்க என்னால் முடியாமல் தடுப்பவர் ஒவிலு துன்னிலி. அதே ஊர்க்காரர், 1949-இல் பிறந்து 2014-இல் மறைந்தவர். பெண்கள் கல் செதுக்குவது அபூர்வமாக இருந்த நாளில் செதுக்கியவர். கரடியும் பறவையும் அவரிடம் உண்டு; கூடவே அமெரிக்கக் கால்பந்து வீரன், குதிகால் உயர்ந்த செருப்புப் போட்ட பெண், தண்ணீரில் பாயும் நீச்சல்காரி, ஆடையில்லாத பெண் உடல். இதெல்லாம் இனுவிட் கலையா என்று கேட்டவர்களை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சிறுமியாக இருந்தபோது அவரையும் காசநோய் என்று மனிட்டோபா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த ஆண்டுகளில் தாய்மொழியே நழுவிப்போய், வீடு திரும்பிய பின் மறுபடி கற்க வேண்டியிருந்தது. கனேடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிற்பத்தில் அந்தக் காலத்தை அவர் செதுக்கினார். முகத்தில் வலை தொங்கும் தொப்பி அணிந்த நகரத்துப் பெண்கள், ஒரு கார், நடுவே குழந்தை. குழந்தைக்கு எது பயமாக இருந்ததோ அது அப்படியே பச்சைக் கல்லில் இருக்கிறது.

அதைச் செதுக்கியது 1991-92-இல். நடந்தது 1950-களில்.

இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாழ்க்கையைக் கல்லில் வைக்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்தச் சிற்பமே இருக்காது. யாராவது ஒரு கண்காட்சி மாலையில் அன்பாகக் கேட்டதற்குப் பதிலாக அது வரவும் இல்லை. முப்பது ஆண்டுக்கும் மேலாக அவரிடமே இருந்தது. உளி அதற்குத் தயாரானபோது வெளியே வந்தது. அதற்கு முன்பு வாங்கியவர்கள் எல்லாம் நடுவில் ஒரு குழந்தை இல்லாத கற்களைத்தான் வாங்கினார்கள், கொடுத்த காசுக்கு அது போதுமானதாகவே இருந்தது. 2016-இல் வின்னிபெக் கலைக்கூடம் அவருக்கென்று தனிப் பெரிய காட்சி வைத்தது. அதே கலைக்கூடம் 2021-இல் கவுமஜுக் என்ற இனுவிட் கலை மையத்தைத் திறந்தது. அங்கே மூன்று மாடி உயரக் கண்ணாடிக்குள் ஆயிரக்கணக்கான சிற்பங்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன. தெருவில் போகிறவரே பார்க்கலாம்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெனோஜுவாக் அஷெவாக் என்ற இனுவிட் ஓவியர் வரைந்து, 1960-இல் கல்லச்சில் அச்சான ஆந்தைப் படம் முதலில் 24 டாலருக்குப் போயிற்று. 2001-இல் அதன் பிரதி ஒன்று ஏலத்தில் 58,000 டாலரைத் தாண்டியது. அந்த மறுவிற்பனையில் அவருக்கு ஒரு சதமும் சேரவில்லை. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டத்தைப் பிரான்ஸ் 1920-லேயே கொண்டுவந்தது; கனடா நெடுங்காலம் கைகட்டி நின்றது. கல்லோ படமோ செய்தவரின் கையை விட்டு ஒருமுறைதான் போகிறது. கூடக் கொடுத்த கதையோ, பொருள் கைமாறும் ஒவ்வொரு தடவையும் புதிதாக விலைபோகிறது. ஏலப் பட்டியலில் பாருங்கள்: படத்துக்குக் கால் பக்கம், கதைக்கு முக்கால். கூலி தராத வேலை என்று சொன்னது இதைத்தான்.

வடக்கே சிற்பம் விற்ற காசு பெட்ரோலுக்குப் போகிறது, பனிவண்டிக்கு, ரவைக்கு. அதாவது வேட்டைக்கு. நகரத்தார் அந்தக் குளிரங்கிப் படத்தில் தேடுகிற பழைய வாழ்க்கை நகரத்தார் காசில்தான் ஓடுகிறது. அதைக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை. ஏன் எழுதுவதில்லை என்று எனக்குப் புரிகிறது.

திரும்பி வரும் வழியில் இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். நீங்கள் பிளேட்டைக் கேட்டதுதான் சரியான கேள்வி, மற்றவர்கள் கேட்டது கதைக்கான பிச்சை என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன். அவர் பெருந்தெருவில் தடம் மாற்றும் வரை ஒன்றும் பேசவில்லை.

“அண்ணை, நான் வீடுகளுக்கு அளவெடுக்கப் போறனான்தானே. எந்த நாடு, எப்பிடி வந்தனி எண்டு எல்லாரும் கேப்பினம். நான் சொல்லுறனான்.”

“ஏன்?”

“சொன்னால் பேரம் பேச மாட்டினம்.”

அவர் எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியும். இரவில், குடும்பத்தில் இருவரை விட்டுவிட்டு. அதையா அவர்களிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சீ. அது எதுக்கு அவைக்கு? கப்பல், புயல், அது இது எண்டு ஒரு கதை வச்சிருக்கிறன். நல்லாப் போகுது.”